இசைத்தட்டுக் கருவிக்கு அதிர்வு தாங்கும் கால்கள்

இல்லங்களில் வைத்துக் கேட்கும் இசைத்தட்டுக் கருவியின் அடியில் ரப்பராலோ சுருள்வில்லாலோ ஆன சிறு கால்களைப் பொருத்தினால் இசை தெளிவுறும் என்று சொல்லப்படுகிறது. அத்தகைய கால்கள் பலவகை விலைகளில் விற்கவும் படுகின்றன. இவற்றுட் சில பயன் தருவன. சில ஒன்றும் செய்யாதன. சில, முன்பிருந்த குறையைப் பெருக்கிவிடுவன. எந்தக் கால் எத்தகையது என்பதை விலையைக் கொண்டு அறிய இயலாது. ஓர் அளவுகோலும் உயர்நிலைப்பள்ளிப் பௌதிகமும் இருந்தால் அறிந்துவிடலாம்.

பொழுதுபோக்குப் பொருளைப் பற்றி இத்துணை ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். திருவனந்தபுரத்திலும் அதனை அடுத்த நாகர்கோவில் பகுதியிலும் பழைய இசைத்தட்டுக்களைப் பெட்டி பெட்டியாகக் காத்துவரும் குடும்பங்கள் உள்ளன. அத்தட்டுக்களிற் பல மறுபதிப்புக் காணாதவை. அவற்றைக் கணிப்பொறியிற் பதிந்து வைக்க முற்படுவோர், தட்டு ஓடிக்கொண்டிருக்கையில் அறையில் ஒருவர் நடந்தால் அக்காலடியும் பாட்டோடு பதிவாகிவிடுவதைக் காண்கின்றனர். பாட்டின் தாழ்சுரங்களோடு கலந்துவிட்ட அந்த ஓசையைப் பின்னர்ப் பிரித்தெடுப்பது கடினம். ஊசி துள்ளிவிழுமாயின் நட்டம் இன்னும் பெரிது. கீறுண்ட பள்ளத்தைச் சரிசெய்யும் வழி இல்லை. பாடியவரும் இல்லை, வேறு படியும் இல்லை என்ற நிலையில் உள்ள ஒரு தட்டுக்கு இது சிறு செய்தியன்று.

ஊசி உணரும் அளவு

நெடுநேரம் ஓடும் எல்.பி. தட்டின் பள்ளம், அகலத்தில் ஒரு தலைமயிரின் பருமனை ஒத்தது. அப்பள்ளத்தின் சுவர் இடமும் வலமும் நெளிந்து செல்வதே இசையாக மாறுகிறது. உரத்த பகுதிகளில் அந்நெளிவு ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்காகும். மெல்லிய பகுதிகளில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. தரையின் வழியாக வரும் அதிர்வும் இந்த அளவினதே. ஊசிக்கு இரண்டையும் பிரித்தறியும் ஆற்றல் இல்லை.

இதனோடு மற்றொரு காரணமும் சேர்கிறது. தட்டை வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்து வெட்டுவர். இல்லையேல் பள்ளங்கள் மிக அகன்று, தட்டில் இடம் போதாது. ஒலிக்கும்போது அக்குறையை ஈடுசெய்ய, ஆம்பிளிபயரின் முதற்கட்டம் தாழ்ந்த ஒலிகளைப் பெருக்கிக் கொடுக்கிறது. 1954 முதல் பொதுவாக வழங்கிவரும் முறைப்படி, 1000 ஹெர்ட்ஸ் ஒலியை நோக்க 50 ஹெர்ட்ஸ் ஒலி ஏறத்தாழ 7 மடங்கும், 20 ஹெர்ட்ஸ் ஒலி 9 மடங்குக்கு மேலும் பெருக்கப்படுகின்றன. தரையதிர்வு பெரும்பாலும் இத்தாழ்ந்த பகுதியிலேயே உள்ளது. ஆகவே, பாட்டுக்கென அமைத்த அந்த ஈடு தரையின் நடுக்கத்துக்கும் சேர்ந்தே கிடைக்கிறது.

ஊசியைத் தாங்கும் கைக்கும் தனக்கென ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. கையின் நிறையும் ஊசியின் நெகிழ்ச்சியும் சேர்ந்து அதனைத் தீர்மானிக்கின்றன. அது 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் இருக்குமாறு அமைப்பது வழக்கம். அதற்கு மேலிருந்தால் இசையோடு கலக்கும்; கீழே இருந்தால் வளைந்த தட்டின் ஏற்ற இறக்கங்களோடு கலக்கும். இந்த அமைப்பினால், வினாடிக்கு 10 முறை அளவில் வரும் எந்த அதிர்வும் இக்கருவிக்கு மிகவும் ஆகாததாகிறது.

தட்டும் ஊசியும் ஒருசேர ஒரே அளவில் அசைந்தால் ஓசை பிறப்பதில்லை. ஒன்று அசைய மற்றது நின்றால்தான் பிறக்கிறது. எனவே, சுழல்தட்டையும் ஊசிக்கையையும் ஒரே விறைப்பான சட்டத்தில் இறுகப் பிணைத்து, அச்சட்டத்தை முழுதுமாக மெல்லிய சுருள்வில்களில் தொங்கவிடுவது ஒரு நல்ல வழி. அமெரிக்காவில் எட்கார் வில்சர் என்பார் 1961 இல் அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்துக்காக அமைத்த கருவி இம்முறையில் புகழ் பெற்றது. அதன் பெட்டியைச் சுத்தியலால் தட்டினாலும் பாட்டுக் கெடாது என்று செய்து காட்டுவர். அதன்பின் வந்த பல நல்ல கருவிகள் அம்முறையைத் தழுவியவை. இவ்வாறு உள்ளேயே சுருள்வில் உடைய கருவிக்கு அடியில் மீண்டும் மெல்லிய கால்களை வைத்தால், ஒன்றின் மேல் ஒன்றாக இரு விற்கள் சேர்ந்து கருவி தள்ளாடும். அதற்குக் கனமற்ற, விறைப்பான பலகையே ஏற்றது.

இருவகைக் காப்பு

அதிர்வினின்று ஒரு கருவியைக் காப்பதற்கு அடிப்படையில் இரு வழிகள் உள்ளன. ஒன்றை வான ஆராய்ச்சிக் கூடங்களிற் காணலாம். திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் மகாராஜாவின் காலத்தில் 1837 இல் நிறுவப்பட்டு, ஜான் கால்டிகாட் என்பவரை முதல் இயக்குநராகக் கொண்ட வானாராய்ச்சிக் கூடம் இந்நாட்டின் பழங்கூடங்களுள் ஒன்று. விண்மீன்கள் உச்சிக்கோட்டைக் கடக்கும் நேரத்தை அளக்கும் கருவிகளை நிலத்திலிருந்து எழும்பும் தனிக் கற்றூண்களின்மேல் நிறுத்துவதும், கட்டடத்தின் தரையோ சுவரோ அத்தூணைத் தொடாதபடி இடைவெளி விடுவதும் இத்தகைய கூடங்களின் மரபு. பார்வையாளர் தரையில் நடக்கலாம். தூண் அதனை அறியாது. பாறையோடு வேரூன்றி நிற்கும் காப்பு இது.

மற்றது மிதக்கும் காப்பு. கருவியை மெல்லிய வில்லின்மேல் வைத்து, கீழே நிலம் அசைந்தாலும் மேலே கருவி தன் நிறையினால் நின்ற இடத்திலேயே நிற்குமாறு செய்வது. விற்கப்படும் கால்கள் யாவும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. சேர்ந்தவையாக இருக்க வேண்டியவை எனலே பொருந்தும். இவ்வகைக் கால்கள் மிகப் பெரிய அளவிலும் உள்ளன. லண்டனில் சுரங்க இரயில் பாதைக்கு மேலே எழுப்பப்பட்ட ஆல்பனி கோர்ட் என்னும் குடியிருப்புக் கட்டடம் 1966 இல் ரப்பர் அடைகளின்மீது நிறுத்தப்பட்டது. இரயிலின் அதிர்வு வீடுகளுக்குள் ஏறாமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. கட்டடத்துக்கும் இசைத்தட்டுக் கருவிக்கும் கணக்கு ஒன்றே.

அக்கணக்கு எளிது. வில்லின்மேல் ஒரு பொருளை வைத்தால் அது சிறிது அமிழும். அமிழும் அளவைச் சென்டிமீட்டரில் கொண்டு, அதன் வர்க்கமூலத்தால் 5 ஐ வகுத்தால், அப்பொருள் அவ்வில்லின்மேல் மேலும் கீழும் ஆடும் இயல்பு அதிர்வெண் ஹெர்ட்ஸில் கிடைக்கும். 1 சென்டிமீட்டர் அமிழ்ந்தால் 5 ஹெர்ட்ஸ். 4 மில்லிமீட்டர் அமிழ்ந்தால் ஏறத்தாழ 8 ஹெர்ட்ஸ். 1 மில்லிமீட்டர் மட்டும் அமிழ்ந்தால் ஏறத்தாழ 16 ஹெர்ட்ஸ். கருவியின் எடையைத் தனியே அறியவேண்டுவதில்லை. அமிழ்வில் அது அடங்கிவிட்டது. ரப்பர், அசைவின்போது நின்றநிலையினும் சற்று விறைப்பாக நடந்துகொள்ளும் இயல்புடையது. ஆதலின் ரப்பர்க் கால்களுக்கு உண்மை அதிர்வெண் இக்கணக்கினும் சிறிது மிகும்.

தரையின் அதிர்வெண் காலின் இயல்பு அதிர்வெண்ணைப்போல் 1.4 மடங்குக்கு மேற்பட்டால்தான் காப்புத் தொடங்கும். இரு மடங்கானால் தரையசைவில் மூன்றில் ஒரு பங்கே மேலே ஏறும். மூன்று மடங்கானால் எட்டில் ஒரு பங்கு. நான்கு மடங்கானால் பதினைந்தில் ஒரு பங்கு. இரண்டு அதிர்வெண்களும் ஒன்றாகிவிட்டால் ஒத்ததிர்வு நிகழ்ந்து, கீழே உள்ள அசைவு பன்மடங்காக மேலே தோன்றும். விற்பனையாளர் பேச்சில் இந்தப் பகுதிதான் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

ஒரு வீட்டுக் கணக்கு

திருவனந்தபுரத்தின் பழைய வீடுகளில் வெட்டுக்கல் எனப்படும் செம்புரைக்கற் சுவர்களும், நிலத்தின்மேல் நேரே பாவிய தரையும் உண்டு. அத்தகைய தரைமேல் வைத்த கருவிக்குக் காலடியால் வரும் தொல்லை சிறிது. மாடி அறைகளும் அடுக்குமாடிக் குடியிருப்புக்களும் வேறு தன்மையன. சுவர்களுக்கிடையே தாங்கி நிற்கும் தளம், கான்கிரீட்டாயினும் மரமாயினும், நடப்பவர் காலடிபட்டு ஆடும். மனிதர் வினாடிக்கு ஏறத்தாழ 2 அடி வைப்பர். ஒவ்வோர் அடியும் தளத்தை உதைக்க, தளம் தன் இயல்பு அதிர்வெண்ணில் சிறிது நேரம் நடுங்கி அடங்கும். அது 10 ஹெர்ட்ஸை ஒட்டியதாக இருப்பது அரிதன்று. கூரையில் தள்ளாடிச் சுழலும் மின்விசிறி நிமிடத்துக்கு 330 சுற்றுச் சுற்றினால், அதனைத் தாங்கும் தளத்தை, அதாவது மேல்மாடியின் தரையை, 5.5 ஹெர்ட்ஸில் ஆட்டும். நிமிடத்துக்கு 900 சுற்றில் துணி பிழியும் சலவை யந்திரம் 15 ஹெர்ட்ஸில் ஆட்டும்.

தளம் 10 ஹெர்ட்ஸில் நடுங்குவதாகக் கொண்டு, மூவகைக் கால்களைச் சோதித்துப் பார்க்கலாம். 1 மில்லிமீட்டர் அமிழும் கால், அந்நடுக்கத்தை ஏறத்தாழ 1.7 மடங்காக்கி மேலே அனுப்பும். அதனினும் மெல்லியது நல்லது என்று கருதி 4 மில்லிமீட்டர் அமிழும் காலை வாங்கினால், அதுவும் அதே 1.7 மடங்காகவே பெருக்கும். இடையில் 2.5 மில்லிமீட்டர் அமிழ்வது அனைத்தினும் கேடானது. அதன் இயல்பு அதிர்வெண் 10 ஹெர்ட்ஸேயாகும். 5 மில்லிமீட்டர் அமிழ்ந்தால் இலாபமுமில்லை, நட்டமுமில்லை. 1 சென்டிமீட்டர் அமிழும்போதுதான் நடுக்கம் மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. ரப்பரின் உட்தணிப்பு இவ்வெண்களைச் சற்று மாற்றுமேயன்றி அவற்றின் போக்கை மாற்றாது.

இனி, 1 சென்டிமீட்டர் அமிழும் ரப்பர்க்கால் எத்தகையதாக இருக்கவேண்டும்? ரப்பரை அதன் உயரத்தில் ஐந்திலொரு பங்குக்கு மேல் அழுத்தி நெடுநாள் வைப்பது நன்றன்று. ஆகவே கால் 5 சென்டிமீட்டருக்கு மேல் உயரவேண்டும். அத்துடன் மெலிந்தும் இருக்கவேண்டும். அத்தகைய தூண் பக்கவாட்டிற் சாய்ந்து நெளிந்துவிடும். காலடியின் ஓசையைத் தடுக்கும் என்று சொல்லி விற்கப்படும் இரண்டு விரற்கடை உயர ரப்பர்க் கால்கள் பெரும்பாலும் அவ்வேலையைச் செய்ய முடியாமைக்குக் காரணம் இதுவே. செய்பவரின் திறக்குறைவு அன்று; அளவு அனுமதிக்கவில்லை.

ஆயினும் அதே கால் வேறொரு வேலைக்கு மிக நன்று. ஒலிபெருக்கியும் இசைத்தட்டுக் கருவியும் ஒரே மேசைமேலோ ஒரே அலமாரியிலோ இருந்தால், ஒலிபெருக்கியின் தாழ்சுர அதிர்வு மரத்தின் வழியே ஊசிக்கு ஏறி, பெருக்கப்பட்டு, மீண்டும் ஒலிபெருக்கிக்கே செல்லும். ஒலியைக் கூட்டக்கூட்ட இச்சுற்று முற்றி ஊளையாக மாறும். இந்த அதிர்வு 50 ஹெர்ட்ஸும் அதற்கு மேலும் ஆகும். 1 மில்லிமீட்டர் அமிழும் கால் 50 ஹெர்ட்ஸில் ஒன்பதிலொரு பங்கையும், 100 ஹெர்ட்ஸில் நாற்பதிலொரு பங்கையுமே மேலே விடும். மின்மாற்றியின் 100 ஹெர்ட்ஸ் முரலலும் அவ்வாறே அடங்கும். எனவே ஊளைக்கு ரப்பர்க்கால் மருந்து, காலடிக்கு அன்று.

காலடிக்கு மருந்து பெரும்பாலும் சுவரில் உள்ளது. பளுத்தாங்கும் சுவரில் இரும்புத் தாங்கிகளை அறைந்து, அவற்றின்மேல் பலகையிட்டுக் கருவியை வைத்தால், நடப்பவரின் காலடி அதனை எட்டுவது அரிது. வானாராய்ச்சிக் கூடத்துத் தூணின் ஏழை உறவினன் என்று இப்பலகையைக் கூறலாம். செம்புரைக்கற் சுவர் இதற்கு மிக ஏற்றது. மெல்லிய தடுப்புச்சுவர் ஏலாது. வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க உரிமையில்லாதோர், காற்றைப் பாதியளவே ஏற்றிய சிறு மிதிவண்டி டியூபின்மேல் கனமான கருங்கற் பலகையை வைத்து அதன்மேல் கருவியை வைக்கலாம். காற்று ரப்பரினும் மெல்லிய வில். கல் நிறையைக் கூட்டுகிறது. நிறை இரட்டித்தால் அதிர்வெண் 1.4 இல் ஒரு பங்காகக் குறையும். தோற்றம் அழகன்று, வாரம் ஒருமுறை காற்றும் ஏற்றவேண்டும், ஆனால் விலையுயர்ந்த பல கால்களைக் காட்டிலும் இது நன்றாக வேலை செய்வதைக் காணலாம்.

காற்றின் வழியே நேராக வந்து தட்டையும் மூடியையும் அசைக்கும் ஒலியை எந்தக் காலும் தடுக்காது. அறையின் மூலைகளில் தாழ்சுரத்தின் அழுத்தம் மிகுதி. அங்குக் கருவியை வைக்கலாகாது. கண்ணாடி மூடியைக் கழற்றிவிட்டுக் கேட்பதும் சிலவிடத்துப் பயன் தரும்.

ரப்பரும் நாரும்

கேரளத்தில் இக்கால்களுக்கு வேண்டிய பொருளுக்குக் குறைவில்லை. 1902 இல் பெரியாற்றங்கரையில் தட்டேக்காட்டில் வாணிக முறையில் ரப்பர் பயிரிடத் தொடங்கியது முதல் இப்பகுதி இந்திய ரப்பரின் தாயகமாகிவிட்டது; ரப்பர் வாரியத்தின் தலைமையிடமும் கோட்டயமே. இயற்கை ரப்பர் நெடுநாள் பளுவைத் தாங்கியும் அதிகம் தளராத நல்ல வில். வெயிலும் ஓசோனும் எண்ணெயும் அதற்குப் பகை. அவற்றாற் பரப்பில் வெடிப்புக்கள் தோன்றும்.

ரப்பரைப் பற்றி நன்கு மனத்திற்கொள்ள வேண்டிய இயல்பு ஒன்று: அது நசுங்கும், ஆனால் சுருங்காது. அழுத்தினால் பக்கவாட்டிற் பிதுங்கி, தன் கனஅளவை மாற்றாமல் வைத்துக்கொள்ளும். பிதுங்க இடமில்லாவிடில் கல்லைப்போல் நிற்கும். அகன்ற மெல்லிய ரப்பர்த் தகட்டைக் கருவியின் அடிமுழுதும் விரித்தால் பயன் இல்லாமைக்கு இதுவே காரணம். அதே தகட்டைச் சிறுதுண்டுகளாக்கி, இடைவிட்டு அடுக்கினால் பயன் உண்டு. வளையமாகவும் பள்ளங்கள் உடையதாகவும் கால்கள் செய்யப்படுவது பிதுங்க இடம் கொடுப்பதற்கே, அழகுக்கன்று.

தென்னை நாரை ரப்பர்ப் பாலால் பிணைத்துச் செய்யும் மெத்தைப்பொருள் மற்றொன்று. நுண்கருவிகளைப் பெட்டியிலிட்டு அனுப்பும்போது சுற்றிலும் வைப்பதற்கு இது ஏற்றது. இழைகளுக்கிடையே காற்று இருப்பதால் பிதுங்க இடம் தேடவேண்டியதில்லை. ஆனால் நாளடைவில் தளர்ந்து தாழும். முதல்நாள் அளந்த அமிழ்வைக்கொண்டு கணக்கிட்டால் ஏமாற்றமாகும்.

ஒலிபெருக்கிகளின் அடியிற் பொருத்தும் எஃகு முட்களையும் அதிர்வு தாங்கும் கால்கள் என்றே சிலர் வழங்குகின்றனர். முள் எதனையும் தாங்கித் தடுப்பதில்லை. பெட்டியைத் தரையோடு இறுகப் பிணைக்கிறது. தடித்த கம்பளம் விரித்த குளிர்நாட்டு அறைகளில் பெட்டி ஆடாமல் நிற்க அது வேண்டும். இங்குள்ள ஓடு பாவிய தரையில் அது தரையைக் கீறுவதோடு சரி.

இக்கால்கள் வேண்டாத கருவிகளும் உள. டிரான்சிஸ்டர் ஆம்பிளிபயருக்கு அடியில் எத்தகைய காலை வைத்தாலும் காதால் உணரத்தக்க மாற்றம் விளைவதில்லை. வால்வு ஆம்பிளிபயர் வேறு. வால்வைப் பென்சிலால் மெல்லத் தட்டினால் ஒலிபெருக்கியில் ஓசை கேட்குமாயின் அதற்குக் கால் வைப்பது தகும். குறுந்தட்டுக் கருவி தன் பிழைகளைத் தானே திருத்திக்கொள்ளும் அமைப்புடையது. உதையுண்டாலன்றி அதற்குத் தீங்கில்லை.

வகுப்பறையில்

ஆசிரியர்கள் இதனை மாணவர்க்குக் காட்ட அதிகச் செலவு வேண்டுவதில்லை. நான்கு ரப்பர்ப் பந்துகளைப் பாதியாக வெட்டி, நான்கு பாதிகளை ஒரு பலகையின் மூலைகளில் கவிழ்த்து வைத்து, மேலே ஒரு செங்கல்லை ஏற்றுமுன்னும் ஏற்றிய பின்னும் மேசையிலிருந்து பலகையின் உயரத்தை அளந்தால் செங்கல்லுக்குரிய அமிழ்வு கிடைக்கும். பலகையின் எடை சிறிதாயின் அதுவே போதும். அதிர்வெண்ணைக் கணக்கிட்டு எழுதிய பிறகு, அலைபேசியைச் செங்கல்லின்மேல் வைத்து மேசையை மெல்லத் தட்டுக. இக்கால அலைபேசிகளில் முடுக்கத்தை அளக்கும் உறுப்பு உண்டு. அதனைப் பயன்படுத்தி அதிர்வெண்ணைக் காட்டும் செயலிகள் விலையின்றிக் கிடைக்கின்றன. அளவும் கணக்கும் சற்று வேறுபடும். ஏன் வேறுபடுகின்றன என்று மாணவரையே சொல்லச் செய்யலாம். இரண்டாவது செங்கல்லை ஏற்றியதும் அதிர்வெண் தாழ்வதை அவர்கள் கண்ணாரக் காண்பர்.

களப்பணியாளர்க்கு இதே முறை, ஆய்வுக்கூடத் தராசு நிலைகொள்ளாமல் ஆடும்போது பயன்படும். முதலில் தராசு மேசையின்மேலும், பின்னர்த் தரையிலும், பின்னர்ச் சுவர்ப்பலகையிலும் அலைபேசியை வைத்து, ஒருவர் அறையில் நடக்க, மூன்றையும் ஒப்பிட்டால் தராசை எங்கு வைப்பது என்பது விளங்கிவிடும்.

இசைத்தட்டுக் கருவி உள்ள வீட்டில் சோதனை இன்னும் எளிது. சுழற்சியை நிறுத்தி, அசையாத தட்டின்மேல் ஊசியை இறக்கி, ஒலியை நடுத்தர அளவில் வைத்து, கருவி நிற்கும் பலகையை விரல்மூட்டால் தட்டுக. பின்னர் ஒருவரை அறையில் நடக்கச் செய்க. முன்னதன் ஓசை மட்டும் கேட்டால் ரப்பர்க்கால் போதும். பின்னதும் கேட்டால் சுவரை நாடவேண்டும். கால்களைப் பொருத்தியபின் ஒருநாள் கழித்து நான்கு மூலைகளிலும் அமிழ்வை அளக்க வேண்டும். சுழல்தட்டின் அச்சும் மின்மாற்றியும் உள்ள பக்கம் மற்றதினும் தாழ்ந்திருக்கும். அங்குச் சற்று விறைப்பான காலை வைத்து மட்டத்தைச் சரிசெய்து, அளவுகளைத் தேதியுடன் குறித்து வைத்தால், அடுத்த ஆண்டு மீண்டும் அளக்கையில் எந்தக் கால் தளர்ந்துவிட்டது என்பது அக்குறிப்பிலிருந்தே தெரியும்.